பெட்டிக்குள் பெட்டி

24.9.1999, வெள்ளி

மத்தியான மழையில் கடைக்குப் பக்கத்தில் எங்கோ இடி இறங்கியது. விளக்கு ஒரு தடவை நீலமாக எரிந்து அணைந்தது. கரண்ட் திரும்பி வந்தபோது காற்றாடி வந்தது, பக்கிரிசாமியின் அச்சு மெஷின் வந்தது, கடை முதலாளி டீச்சரின் ரேடியோ கூட வந்தது. என் கம்ப்யூட்டர் மட்டும் வரவில்லை. பின்பக்கம் கருகின வாடை.

டீச்சர் என்னைப் பார்த்தார். இடியை நான்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

"இடி இடிக்கேக்கை பிளக்கைக் கழட்டச் சொல்லி எத்தனை தரம் சொன்னனான்? கேட்டால் பதில் சொல்லு. வாய்க்கை என்ன, கொழுக்கட்டையே?"

ஒரு தரமும் சொன்னதில்லை. அதை நான் சொல்லவில்லை. நான் எதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

25.9.1999, சனி

டீச்சரின் அக்கா மகன் பாலேந்திரன் வந்தான். ஏதோ ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. கடைக்குள் நுழையும்போதே மை வாடைக்கு மூக்கைச் சுளிப்பான். டீச்சரிடம் இங்கிலீஷில்தான் பேசுவான், எனக்குப் புரியாது என்ற தைரியம். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றவள் என்றால் காதும் நின்றுபோயிருக்கும் என்று நினைப்பு.

"டிட் ஷி டச் எனிதிங்?"

தொட்டேன். இரண்டு வருஷமாகத் தினமும் தொடுகிறேன். கல்யாண கார்டும் கருமாதி நோட்டீஸும் தானாகவா அச்சாகின்றன?

போர்டு எரிந்துவிட்டதாம். ஹார்ட் டிஸ்க் பிழைத்திருக்கிறதாம். பின்னால் மாட்டியிருக்கும் பூட்டும் பிழைத்திருக்கும் என்றான். பூட்டு என்பது தீப்பெட்டி அளவு ஒரு கட்டை. பிரிண்டர் வயர் போகிற இடத்தில், இரண்டுக்கும் நடுவே மாட்டியிருக்கும். அது இல்லாமல் தமிழ் புரோகிராம் திறக்காது, யாரும் திருட்டு காப்பி போடக்கூடாது என்பதற்காக. அதைக் கழற்றி, துடைத்து, என் மேசை இழுப்பறையில் வைத்தேன்.

28.9.1999, செவ்வாய்



பாலேந்திரனின் தங்கை ரோகினி ஒரு புது கம்ப்யூட்டரோடு வந்தாள். அதில் புதுசாக ஒரு தமிழ் புரோகிராம். இங்கிலீஷ் எழுத்தில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் தமிழில் அம்மா வருகிறது. அவளுக்குத் தமிழ் படிக்கவே தடவல். சுவிங்கம் மென்றுகொண்டே ஒரு முகவரி அடித்துக் காட்டினாள்.

"பாத்தியே பிள்ளை," என்றார் டீச்சர், "தமிழ் டைப்பிங் படியாத பிள்ளையே அடிக்குது."

அவர்கள் போன பிறகு டீச்சர் போனில் அக்காவிடம் சொன்னார்: "இது வந்தால் பிறகு இவளை வைச்சிருக்கத் தேவையில்லைத்தானே. போன் அடிச்சாலும் எடுக்கிறாள் இல்லை. மரம் மாதிரி."

மரம் நான்கடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பழைய புரோகிராமின் தட்டச்சு விசைகள். எந்த விசையில் எந்த எழுத்து என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். இங்கிலீஷ் தட்டித் தமிழ் வரவழைக்க ஊரில் ஆயிரம் பேர். பழைய புரோகிராம் போனால் நானும் போகவேண்டியதுதான். எங்கே? அப்பா இருக்கிற கிள்ளானுக்கு. அக்கா வேலை செய்யும் கையுறை பேக்டரிக்கு.

இங்கே நான் தங்கியிருப்பது அண்ணன் வீட்டில். அண்ணி இரவுச் சோறு போடும்போதே ஆரம்பித்துவிட்டார். "பேக்டரி பஸ் அங்க அப்பா வீட்டு வாசல்லயே வந்து நிக்குது. நாலு பேரோட பேசிப் பழகினாத்தான் நீயும் மனுஷியாவே."

நாலு பேரோடு பேசவேண்டாம் என்றுதானே பள்ளிக்கூடத்தையே விட்டேன். எழுந்து நின்று சத்தமாக வாசி என்றார்கள். நின்றேன். வாய் வரவில்லை. மறுநாளும் நிற்கவைத்தார்கள். அதற்கடுத்த நாள் போகவில்லை, பிறகு போகவேயில்லை. இந்தக் கடையில் என் நாற்காலி சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது. அந்த மாதிரி நாற்காலி இந்த ஊரில் இன்னொன்று எனக்குக் கிடைக்காது.

2.10.1999, சனி

இன்று பாலேந்திரன் ஒன்று சொன்னான். "சின்னம்மா, ஒய் பை நியூ சாப்ட்வேர்? பழசையே புதுசுக்குள்ள ஓட்டலாம்."

புது கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பது போலப் பாவனை செய்கிற புரோகிராம் ஒன்று வந்திருக்கிறதாம். அந்த இல்லாத கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸை ஏற்றினால், தான் பழைய வீட்டிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு அது ஓடுமாம். பழைய விண்டோஸின்மேல் எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு பொறாமையாக இருந்தது.

இதை அவன் எனக்காகச் செய்யவில்லை. தன் தங்கை கொண்டுவந்ததை விடத் தான் கெட்டிக்காரன் என்று காட்டவேண்டும், அவ்வளவுதான். டீச்சர் சரி என்றார். சனிக்கிழமைகளில் வந்து செய்வானாம்.

3.10.1999, ஞாயிறு

அவன் ஜெயிக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டுவிட்டு வந்தேன். நாக்கெல்லாம் கசக்கிறது.

9.10.1999, சனி

ஓடிவிட்டது. ஓடியும் பயனில்லை.

திரைக்குள் ஒரு சின்னத் திரை. அதற்குள் பழைய விண்டோஸ். பூட்டை மாட்டினோம், தமிழ் புரோகிராமும் திறந்தது. ஆனால் எல்லாம் யானைக்கால் மாதிரி வீங்கிப்போய், பதினாறே நிறத்தில். ஒரு கார்டின் கால்வாசிதான் திரையில் தெரிகிறது. புள்ளியும் கொம்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. இதில் எப்படிக் கார்டுக்கு எழுத்துக் கோப்பது?

"டிரைவர் இல்ல," என்றான் சுவரிடம். படத்தைத் திரைக்கு அனுப்பும் திரை அட்டையோடு பேசுவதற்குப் பழைய விண்டோஸுக்கு ஒரு சின்ன புரோகிராம் வேண்டுமாம். அதற்குப் பெயர் டிரைவர். இவ்வளவு பழைய விண்டோஸுக்கு இப்போது யாரும் அதைச் செய்வதில்லையாம்.

பின்கட்டிலிருந்து பக்கிரிசாமி சத்தம் போட்டார். கடையின் அச்சு மெஷின் அவர் கையில். வாயும் அதே மாதிரி, ஓடினால் நிற்காது. "டிரைவர்தானே? நம்ம ஊமச்சி அப்பாவ கூப்பிடுங்க பாஸ். கிள்ளான் ஹார்பர்ல லோரி ஓட்டுறாரு."

பாலேந்திரன் சிரித்தான். டீச்சர் சிரித்தார். சிரிக்கட்டும்.

16.10.1999, சனி

இம்பி பிளாசா கம்ப்யூட்டர் கடைகள் முழுக்க அலைந்து ஒரு கட்டு டிஸ்கெட் கொண்டுவந்தான். புது கம்ப்யூட்டரில் இருக்கும் திரை அட்டையின் பெயரைப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறான். ஒன்றைப் போட்டால் கறுப்புத் திரை. இன்னொன்றைப் போட்டால் கோடு கோடாக மழை. ஒவ்வொரு தடவையும் பழையபடி ஏற்றவேண்டும். ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பி, "டோன்ட் டச், ஓகே?"

நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் நெற்றியில் தானே அடித்துக்கொண்டான். உள்ளே இருப்பது இல்லாத கம்ப்யூட்டர். அதற்குள் இருக்கும் அட்டையும் இல்லாத அட்டை, வேறு பெயர், வேறு சாதி. வெளியே இருக்கும் அட்டைக்கு டிரைவர் தேடி என்ன புண்ணியம்? அந்தப் பொய் அட்டைக்கு அல்லவா தேடவேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம். பேங்கில் இவனை நம்பிப் பணம் போட்டிருக்கிறார்கள் ஜனங்கள்.

இதற்கிடையில் எழுத்துக் கோக்கிற வேலையெல்லாம் செந்தூலில் வேறு கடைக்குப் போகிறது. பஸ்ஸில் போய் வாங்கி வருவது நான். அங்கே உள்ளவன் கேட்கிறான், "ஏன் அக்கா, உங்க கடையில டைப் அடிக்க ஆளு இல்லியா?"

18.10.1999, திங்கள்

ஆயுத பூசை. டீச்சருக்கு சரஸ்வதி படம் முக்கியம், பக்கிரிசாமிக்கு மெஷின் முக்கியம். அவர் அச்சு மெஷினுக்கு மாலையே போட்டுவிட்டார்.

என் பக்கத்துச் சாமான்களுக்கு நான்தான் செய்தேன். பழைய கீபோர்டைக் கழுவித் துடைத்து வாழையிலையில் வைத்தேன். பூட்டையும் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன்.

"செத்த மெஷினுக்கு என்ன பூசை?" என்றார் டீச்சர்.

செத்தது மெஷின். பூட்டு சாகவில்லை. சந்தனத்தை நீர்க்கக் குழைத்து அதற்கு முன்னும் பின்னும் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். அதனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். என்ன கேட்டேன் என்று இங்கே எழுதவேண்டியதில்லை. சாமான்களை இன்று தொடக்கூடாது. நாளைக்குத்தான் எடுக்கவேண்டும்.

19.10.1999, செவ்வாய்

இலையை எடுத்துப் போட்டு, பூட்டைத் துணியால் துடைத்துத் திரும்ப மாட்டினேன். காய்ந்த குங்குமம் ஓரத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அழகாக இருந்தது.

23.10.1999, சனி

பொய் அட்டைக்கு டிரைவர் கிடைத்துவிட்டது. எங்கோ வெளிநாட்டில் ஒருவர் இண்டர்நெட்டில் போட்டு வைத்திருந்தாராம். பேங்க் நண்பன் ஒருவன் இறக்கிக் கொடுத்தானாம். போட்டான். நிறமெல்லாம் வந்தது. திரை விரிந்தது. ஒரு முழுக் கார்ட், நான்கு மூலையும் தெரிய.

அப்புறம் தமிழ் புரோகிராமைத் திறந்தான்.

பூட்டு இல்லை என்றது.

திரும்பவும் திறந்தான். பூட்டு இல்லை. பிரிண்டரும் அசையவில்லை.

"லாஸ்ட் டைம் ஓப்பன் ஆச்சு!" என்று மேசையைத் தட்டினான். புது டிரைவரும் பிரிண்டர் வழியும் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றன என்றான். டிரைவரை எடுத்துவிட்டுத் திறந்தான், அப்போதும் பூட்டு இல்லை. அப்படியானால் போகும்போது அது எதையோ கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றான். இனி பிரிண்டர் வழிக்கு ஒரு டிரைவர் தேடவேண்டும்.

சரியாக இருந்ததைத் தொட்டுக் கெடுத்தவன் இவன். என்னைப் பார்த்து டோன்ட் டச் என்றவன் இவன்.

30.10.1999, சனி

பூட்டு இல்லை.

6.11.1999, சனி

நாளை தீபாவளி. இன்றும் வந்தான். இன்னும் மூன்று டிஸ்கெட். பூட்டு இல்லை, பூட்டு இல்லை, பூட்டு இல்லை. கடைசியில் அவனுக்கே கோபம் வந்து, "திஸ் ஸ்டூப்பிட் திங் இஸ் ஹாண்டட்," என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, "நாற்காலிய ஆட்டிக்கிட்டே இருக்காதன்னு இவகிட்ட சொல்லுங்க," என்றான்.

என் நாற்காலி ஆடினால் பழைய விண்டோஸுக்குப் பூட்டு தெரியாமல் போகுமாம். இவனுக்கு அந்தப் பேங்கில் யார் வேலை கொடுத்தது?

8.11.1999, திங்கள்

கிள்ளான். அப்பா லோரிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "என்னா தங்கமணி, கடையில சொகமா?" என்றார். தலையாட்டினேன். அக்கா தன் உள்ளங்கைகளைக் காட்டினாள். கையுறை மாவு பட்டுப்பட்டுத் தோல் உரிந்திருந்தது. "அது பரவால்ல. மெஷின் சத்தத்துல கத்திக் கத்திப் பேசணும், அதான் தொண்ட போவுது."

கத்திக் கத்தி.

13.11.1999, சனி

எழுத ஒன்றும் இல்லை. அவன் வந்தான், போனான். போகும்போது டிஸ்கெட் ஒன்றைக் குப்பைக்கூடையில் எறிந்தான். எறிந்தது சரியாக விழவில்லை. எடுத்துப் போட்டது நான்.

20.11.1999, சனி

தீர்ப்பு ஆகிவிட்டது. தை மாதக் கல்யாண கார்டுகள் குவிகின்றன. செந்தூல் கடைக்காரன் தன் வேலையை முதலில் பார்க்கிறான். டீச்சர் சொன்னார்: "போதும் தம்பி. அடுத்த கிழமை ரோகினியின்ரை புரோகிராமைப் போடு. இனிமேல் எனக்கு உந்த டிரைவர் கதை வேண்டாம்."

என்னிடம்: "உன்ரை அண்ணனோடை நான் கதைக்கிறன் பிள்ளை. மாசக் கடைசி வரைக்கும் வா."

அவ்வளவுதான். இரண்டு வருஷம், ஒரு வாக்கியம்.

ஒருத்தன் திறமையை நான் நம்பினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். ஏன்டா, ஒனக்குத் தெரியலன்னா மொதல்லயே தெரியலன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? இத்தன சனிக்கெழம வந்து என் உசிர எடுத்துட்டு — நீ போயிருவ. கார்ல. நான் பேக்டரி பஸ்ல.

24.11.1999, புதன்

நிதானமாக எழுதுகிறேன்.

டீச்சர் வெளியே போகும்போது, பழைய சாமான்களை எல்லாம் பெட்டியில் கட்டி வை என்று சொல்லிவிட்டுப் போனார். கீபோர்டைக் கட்டினேன். பிறகு பூட்டைக் கழற்றினேன். இத்தனை நாளும் அதை யாரும் கழற்றவில்லை. மாட்டினது மாட்டினபடி.

கழற்றும்போது உள்ளங்கையில் மஞ்சளாகத் தூள் விழுந்தது. முகர்ந்து பார்த்தேன்.

சந்தனம்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் வரிசையாக ஊசிகள். அவற்றின் அடியில் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது, வயல் சேறு மாதிரி. மறுபக்கம் ஓட்டைகள். பாதி ஓட்டைகள் அடைத்திருந்தன. முதல் தடவை திறந்தது பூசைக்கு முன்னால். பூட்டு இல்லை என்றது பூசைக்குப் பின்னால். பிரிண்டர் அசையாததும் அதனால்தான், அதன் வயரும் இதன் வழியாகத்தானே போகிறது. டிரைவர் ஒன்றும் கெடுக்கவில்லை. அவன் கெடுக்கவில்லை.

நான் வைத்த பொட்டு.

பிறகு பின்கட்டுக்குப் போய் பக்கிரிசாமி மை கழுவுகிற தின்னர் டப்பாவைக் காட்டினேன். பேசாமல் கொடுத்திருக்கலாம். பழைய பல் துலக்கி ஒன்றும் கொடுத்தார், நான் தேய்க்கிறதை எட்டிப்பார்த்துவிட்டு, "என்னா ஊமச்சி, அதுக்குப் பல்லு வெளக்கி விடுறியா? பசியாறக் குடுக்கல?" என்றார்.

ஊசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் கிண்டினேன். தின்னரில் கழுவினேன். காற்றாடி முன்னால் காயவைத்தேன். மாட்டினேன். சின்னத் திரையைத் திறந்தேன், தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட கையால்.

புரோகிராம் திறந்தது.

'நிகழும் பிரமாதி வருஷம் தை மாதம்' என்று அடித்தேன். ஒரு தாள் அச்சாகி வந்தது. அதை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அணைத்தேன்.

டீச்சர் வந்ததும் சொல்லியிருக்கலாம். என்னவென்று? உங்கள் கடையை இத்தனை வாரம் முடக்கினது என் பூசை என்றா? சொன்ன நிமிஷமே போகச் சொல்லுவார்.

சனிக்கிழமை அவன் ரோகினியின் புரோகிராமைப் போட வருவான். அதற்கு முன் இன்னொரு தடவை தன் டிரைவரைப் போட்டுப் பார்ப்பானா? பார்ப்பான். அவனுக்கு ரோஷம் அதிகம். அதை நம்பித்தான் இருக்கிறேன். திரும்பவும் அவனை நம்பித்தான்.

27.11.1999, சனி

வந்தவுடன் ரோகினியின் சி.டி.யை எடுத்து மேசையில் வைத்தான். பிறகு பையைத் துழாவி, "ஒன் லாஸ்ட் ட்ரை," என்று ஒரு டிஸ்கெட்டை எடுத்தான். போட்டான்.

திறந்தது. பிரிண்டர் இரைந்தது. தாள் வந்தது.

கையை மேலே தூக்கிக்கொண்டு கடையை ஒரு சுற்று சுற்றினான். பக்கிரிசாமியின் முதுகில் அறைந்தான். "ஐ டோல்ட் யூ, சின்னம்மா! திஸ் வாஸ் த ரைட் டிரைவர்!" உடனே ரோகினிக்குப் போன். பிறகு அம்மாவுக்குப் போன். யாரோ சிங்கப்பூரில் மாமாவாம், அவருக்கும் போன். அந்த டிஸ்கெட்டின் மேல் சிவப்பு மையில் தன் பெயரை எழுதி அலமாரியில் வைத்தான்.

டீச்சர் ஒரு கட்டுக் கையெழுத்துப் பிரதிகளை என் மேசையில் போட்டார். "என்ன பாத்துக்கொண்டிருக்கிறாய்? தை பிறக்கப் போகுது."

அண்ணனோடு கதைப்பது பற்றிப் பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

அவனை வெறுக்க எனக்கு இருந்த காரணங்களில் ஒன்று குறைந்துவிட்டது. மிச்சம் இருக்கின்றன. இன்று புதிதாகவும் ஒன்று சேர்ந்திருக்கிறது.

12.12.1999, ஞாயிறு

வீட்டிலும் விரல் தானாக மேசையில் தட்டுகிறது. அண்ணி முறைக்கிறார்.

31.12.1999, வெள்ளி

இன்று நடுநிசிக்கு உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்று ரேடியோவில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டீச்சருக்குப் பயம். கடை சாத்துமுன் ஒரு சின்னப் பூசை போட்டுவிடலாம் என்றார். பாலேந்திரனும் வந்திருந்தான். இரவு பேங்கில் காவல் இருக்கவேண்டுமாம், அதற்கு முன் இங்கே எல்லாவற்றையும் காப்பி எடுத்து வைக்க.

நான் கார்ட் ஒன்றை முடித்துக்கொண்டிருந்தேன். சூடம் காட்டி முடிந்தது. பக்கிரிசாமி சந்தனக் கிண்ணத்தோடு அச்சு மெஷினுக்குப் பொட்டு வைத்தார், திரைக்கு வைத்தார். பிறகு குனிந்து, மேசைக்குப் பின்னால் கையை விட்டு, ஒரு கையால் பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு, "இதுக்கும் ஒண்ணு போட்டுருவோம். ஆயுத பூசைக்கு ஊமச்சி குளிப்பாட்டுனா மாதிரி."

"அதுல வேணாம்!"

யார் அது என்று நானே திரும்பிப் பார்த்தேன். நான்தான். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது என் குரல்.

பக்கிரிசாமியின் விரல் கிண்ணத்துக்கு மேல் அப்படியே நின்றது. டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "அட. இவளுக்குக் குரல் இருக்கு. ஏன் வேண்டாம்?"

இருந்த குரல் அதோடு தீர்ந்துவிட்டது.

பாலேந்திரன் கிண்ணத்தைப் பார்த்தான். பூட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான், இத்தனை மாதத்தில் முதல் தடவையாக நேராக. அவன் முகத்தில் சனிக்கிழமைகள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போவது தெரிந்தது. பக்கிரிசாமியிடமிருந்து பூட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தான். ஓரத்து ஓட்டை ஒன்றில் என் ஊசிக்குத் தப்பின மஞ்சள் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கவேண்டும். நகத்தால் கீறினான். முகர்ந்தான்.

முடிந்தது என்று நினைத்தேன். பேக்டரி பஸ்ஸின் நிறம் கூட ஞாபகத்துக்கு வந்தது.

"என்ன தம்பி?" என்றார் டீச்சர்.

அவன் அலமாரியைப் பார்த்தான். சிவப்பு மையில் அவன் பெயர் எழுதின டிஸ்கெட் அங்கேதான் இருக்கிறது. சிங்கப்பூர் மாமா வரைக்கும் போன கதை.

"ஒண்ணுமில்ல சின்னம்மா. ஈரம் பட்டா என் டிரைவர் வேல செய்யாது. இதுக்குப் பொட்டு வேணாம்." பூட்டைத் தானே மாட்டினான். எழுந்திருக்கும்போது என் நாற்காலிக்குப் பக்கத்தில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தமிழில் சொன்னான்: "அஞ்சு சனிக்கிழமை."

நான் கார்டின் அடுத்த வரியை அடித்தேன்.

அவன் சொல்லமாட்டான். நானும் சொல்லமாட்டேன். அதற்காக அவனை எனக்குப் பிடிக்கவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

டீச்சர்தான் விடவில்லை. ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்த போனைத் தூக்கிக்கொண்டு வந்து, வயரை இழுத்து, என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "இவ்வளவு பெரிய குரலை வைச்சுக்கொண்டு இரண்டு வருசமா என்னை ஓட விட்டிருக்கிறாய். இனிமேல் நீயே எடு."

அவர் கையை எடுக்கக்கூட நேரம் தராமல் அது அடித்தது. மூன்று பேரும் நின்று பார்த்தார்கள்.

எடுத்தேன். ஹலோ என்றேன்.

"யாரு? கேக்கல," என்றது அந்தப் பக்கம். "கல்யாண கார்ட் விஷயமா. கொஞ்சம் சத்தமா பேசும்மா."

பேசினேன்.